நாலு மணிக்கு முடியும்

மேசைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கப்போன கொழுந்தனின் மணிக்கட்டை அவள் எட்டிப் பிடித்தாள்.

"தொடாதீங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் கிளம்பிவிட்டது. கூடத்தை ஒழித்தாக வேண்டும். அவள் டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் மேசையோ பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணனப் படுக்க வைக்க இடம் வேணாமா, அண்ணி?"

"வேணும். மேசைய நகர்த்தாம வைங்க."

கதவோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரையில் நாற்பத்தொரு சதவீதம் என்று காட்டியது.

ரெண்டு மாதமாகவே அந்த மெஷின் ஆமையாகிவிட்டிருந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்துவிடலாம் என்று அவள்தான் தினமும் அலுத்துக்கொள்வாள். ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மெக்கானிக் அவள் புருஷன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரிப்பேர் கடையில் விசாரித்து வந்து பாடம் நடத்தினார். ஒரே ஃபைல் டிஸ்க்கில் துண்டு துண்டாக மூலைக்கொன்றாய்க் கிடக்கிறதாம். மெஷின் ஓடி ஓடிப் பொறுக்க வேண்டியிருக்கிறதாம். துண்டுகளைச் சேர்த்து அடுக்கிவிட்டால் பழையபடி பறக்குமாம். நடுவில் கரண்டை மட்டும் நிறுத்தக் கூடாது. மெஷினைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். அவளுடைய பத்து வருஷப் பிழைப்பு அதற்குள்தான் இருந்தது.

இன்று காலை அவள் வக்கீல் ஆபீசுக்குப் போன நேரம் பார்த்து அவர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டு, போன் செய்தார். நாலு மணிக்கு முடியும், அதற்குள் முடிவெட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். எதிரே வக்கீல் அவள் அடித்துக் கொடுத்ததில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள யாரு தொடச் சொன்னா? வைங்க போனை."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். முக்கால் மணி நேரத்தில் அதே நம்பர் மறுபடி அடித்தது. "இப்ப என்ன?" என்று சீறினாள். பதில் சொன்னது சலூன்காரரின் குரல்.

உடலை மேசைக்குப் பக்கத்திலேயே கிடத்தினார்கள். போர்வை சற்று விலகியதும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் அவள், எத்தனையோ உடல்களைப் பார்த்தவள். அப்பாவின் தலையில் இடப்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. வலப்பக்கத்து முடி காதை மூடிக் கிடந்தது.

டிஸ்க் கரகரத்துக்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் காதருகில் குனிந்தாள்.

"நிறுத்திடலாமாம்மா? எல்லாரும் பார்க்கிறாங்க."

"நாலு மணிக்கு முடியும்னு சொன்னார்."

மகள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மூன்று மணிக்குமேல் சலூன்காரர் வந்தார். அக்குளில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு, உள்ளே காலை வைக்க மாட்டாமல் வாசலிலேயே நின்றார். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கண்ணை மூடினார், தூங்குகிறார் என்று நினைத்தேன், நான்பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தேன். அவளைக் கண்டதும் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மீதிய வெட்டிடட்டுமாம்மா? இப்படியே அனுப்ப மனசு வரல."

கொழுந்தன் முகத்தைச் சுளித்தார். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கொழுந்தனே அண்ணன் தலையைத் தூக்கிப் பிடிக்கும்படி ஆயிற்று. சலூன்காரர் வெட்டத் தொடங்கினார். கத்தரியின் சத்தமும் டிஸ்க்கின் சத்தமும் கொஞ்ச நேரம் சேர்ந்து கேட்டன. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிஸ்க் ஓய்ந்தது. முடிந்துவிட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. அவள் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசியாகக் காதோரத்தைச் சீர்செய்து, பிடரியிலிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டார் சலூன்காரர். பிறகு பழக்கதோஷத்தில் பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துத் தலைக்குப் பின்னால் பிடித்தார். பிடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையை இறக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார்.

அவள் குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள்.