கணப்புக்கு மேலே டிவி

அறுபத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்ட நோலீனுக்கு அந்த வருடம் இலையுதிர்காலம் முழுக்கக் கால் தரையில் பாவவே இல்லை. ரிவர்ட்டன் கடைத்தெருவில் ரொட்டி வாங்கும்போதுகூட வாய் தானாகச் சிரித்தது. மர்டோ அவள் வீட்டுக்குக் குடிவந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டி துணியும், சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு ஒரு டிவியும்தான்.

"இவ்வளவு பெருச எங்கடி வைக்கப் போற?" என்று கேட்டாள் நோலீனின் அக்கா வெர்னா. டிவியைச் சொன்னாளா, மர்டோவைச் சொன்னாளா என்பது தெளிவாக இல்லை. கல்யாணத்துக்குச் சாம்பல் நிறக் கோட்டு போட்டு வந்து, துக்க வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தவள் அவள். மர்டோ எதிரில் இருக்கும்போதே அவனை 'அந்த ஆள்' என்றுதான் சொல்வாள்.

டிவியை வைக்க உண்மையிலேயே இடம் இல்லை. கூடத்தின் நடுச்சுவரில் விறகுக் கணப்பு. அதற்கு ஒரு பக்கம் பியானோ, மறுபக்கம் கதவு. முதலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். படம் தெரியவில்லை. திரையில் வெயிலும், சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்த இவர்கள் இருவரும்தான் தெரிந்தார்கள்.

"இந்த சீரியல் நல்லாத்தான் இருக்கு" என்றான் மர்டோ.

"கதாநாயகிக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்தி."

"கதாநாயகனுக்கு முட்டி சரியில்ல. அதுக்கு இது சரியாப் போச்சு."

அன்று மாலை வரை அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து பியானோவுக்கு முன்னால் வைத்தார்கள். அதன் ஓரம் கணப்பை மறைத்தது. விறகு போட வேண்டுமென்றால் டிவியை இருவருமாகத் தூக்கி நகர்த்த வேண்டும். தென்துருவப் பக்கமிருந்து வரும் காற்று எலும்பைத் துளைக்கிற ஊரில் அது ஆகிற காரியமில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ரேவியைக் கூப்பிட்டார்கள். கூரை வேலை செய்கிறவன், ஏணியும் துளைபோடும் மெஷினும் அவனிடம் உண்டு.

சனிக்கிழமை காலையில் ரேவி வந்து, கணப்பை நன்றாக எரியவிட்டு, அதற்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

"கை சுடற இடத்துல மாட்டினா டிவி கெட்டுப்போயிடும், ஆன்ட்டி."

கை மேலே போனது. இன்னும் மேலே போனது. பிறகு ஏணியில் ஏறினான். கூரையை ஒட்டிய இடத்துக்குப் போனபோதுதான், "இங்க பரவாயில்ல" என்றான்.

"அங்கயா?" என்றாள் நோலீன்.

"படம் தெரியும் ஆன்ட்டி. நான் கேரண்டி."

மாட்டி முடித்துவிட்டு, ஏணியை அப்புறம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

மத்தியானம் ரக்பி ஆட்டம். வெர்னாவுக்கு மர்டோவைப் பிடிக்காதே தவிர, ரக்பி என்றால் உயிர். பெரிய திரை என்ற ஆசையில், ஒரு தட்டு சீஸ் ரோலோடு வந்துவிட்டாள். மூவரும் சோபாவில் அமர்ந்தார்கள். தண்ணீர் குடிக்கும் கோழிகளைப்போல மூன்று தலைகளும் பின்னால் சாய்ந்தன. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் மர்டோவின் கழுத்து மளுக்கென்று சத்தம் போட்டது.

நோலீன் எழுந்தாள். கணப்புக்கு முன்னால் கம்பளத்தில் ஒரு தலையணையைப் போட்டு மல்லாந்து படுத்தாள்.

"மர்டோ, இங்க வா. இங்கேர்ந்து பாத்தா நேரா தெரியுது."

மர்டோ முட்டியைப் பிடித்துக்கொண்டு, சோபாவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி அவள் பக்கத்தில் படுத்தான்.

"வெக்கமே இல்லையா?" என்றாள் வெர்னா. "ரெண்டு கிழடுங்க தரையில கெடந்து உருளுதுங்க."

"அப்ப நீ அங்கேயே இரு அக்கா."

இருந்தாள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். தலையை இப்படி வைத்தாள், அப்படி வைத்தாள். அவர்கள் அணி ஆட்டக்காரன் பந்தோடு எல்லைக் கோட்டை நோக்கி ஓடியபோது சரியாக அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் பார்த்தது கூரையை மட்டும்தான்.

"தலையணை எங்கடி இருக்கு?" என்றாள்.

காலியாக இருந்தது மர்டோவுக்கு அந்தப் பக்கம்தான். வெர்னா அவனுக்கு அருகில் கோட்டோடு படுத்தாள். அவன் சீஸ் ரோல் தட்டைத் தன் வயிற்றின் மேல் வைத்தான். அதிலிருந்து மூவரும் எடுத்துத் தின்றார்கள். நடுவர் ஒரு தப்பான தீர்ப்புச் சொன்னபோது, வெர்னாவும் மர்டோவும் ஒரே கெட்ட வார்த்தையை ஒரே நேரத்தில் சொன்னார்கள். வெர்னா அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்தது. ஜெயித்தாகிவிட்டது. எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

"மொதல்ல நீ எந்திரி" என்றாள் நோலீன்.

"என் முட்டி மடங்கல. உங்கக்கா எந்திரிக்கட்டும்."

"எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றாள் வெர்னா. "இந்த ஆளு கைய குடுத்தா பாக்கலாம்."

மர்டோ கையைக் கொடுத்தான். அவள் இழுத்தாள். அவள் எழுவதற்குப் பதிலாக அவன்தான் பாதி உருண்டு அவள் கோட்டின் மேல் விழுந்தான். நோலீனுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கச் சிரிக்க உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போனது. மர்டோவும் சிரித்தான். பிறகு, பழைய லாரி கிளம்புவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வெர்னா சிரிக்கிறாள் என்பது நோலீனுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. சிரித்துக் களைத்து, மூவரும் கண்ணில் நீர் வழிய அசையாமல் கிடந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏணியை எடுக்க வந்த ரேவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கணப்புக்கு முன்னால் வரிசையாக மூன்று உடல்கள். புகையில் மூச்சு முட்டிச் செத்துவிட்டார்கள் என்றே நினைத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, "ஆன்ட்டி, ஆன்ட்டி, உயிரோட இருக்கீங்களா?" என்று அலறினான்.

வெர்னா கண்ணைத் திறந்தாள். "பூட்ஸ வாசல்ல கழட்டிட்டு வா" என்றாள்.

ரேவி ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினான். மிச்சமிருந்த சீஸ் ரோலை அவனுக்கே கொடுத்தார்கள்.

"தப்பு என்னோடதுதான். டிவிய கொஞ்சம் இறக்கி மாட்டிடறேன்" என்றான்.

"அத யாராவது தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள் வெர்னா, கோட்டில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டிக்கொண்டே. "அடுத்த சனிக்கிழமைக்கு நான் மெத்தை கொண்டாறேன். மர்டோ, வந்து கார்ல ஏத்த நீதான் கை குடுக்கணும்."

அவள் வாயில் அந்தப் பெயரை நோலீன் கேட்பது அதுவே முதல் தடவை.

வெர்னாவின் கார் போய்விட்டது. ரேவியும் ஏணியோடு போய்விட்டான். மர்டோ கணப்பில் இன்னொரு கட்டையைப் போட்டான்.

"நாளைக்கு மழை வருமான்னு டிவியில பாக்கணுமே" என்றாள் நோலீன்.

"படுத்தா எந்திரிக்க முடியாது. தூக்க ஆளும் இல்ல."

"தெரியும்" என்றாள் அவள், தலையணைகளைத் தட்டிப் போட்டபடி.