லோர்னா பிக்ஸ்பியின் உறைக்குள் போன கடிதம்

கனகசிங்கம் உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்து மூன்று மாதமாகியிருந்தது. முடிவெடுப்பதில் அவன் சூரன். சொல்வதில்தான் தகராறு.

உண்மை இவ்வளவுதான். எண்பத்து நாலில் ரொறொன்ரோவில் வந்திறங்கி இமிக்கிறேசன் படிவம் நிரப்பியபோது, திருமணமானவரா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிவிட்டான். பார்க்டேலில் அவனோடு ஒரே அறையில் இருந்த ஜெயரட்ணம்தான் அப்படி எழுதச் சொன்னவன். தனி ஆளென்றால் அலுவல் கெதியாக முடியும், மனுசியைப் பிறகு ஆறுதலாகக் கூப்பிடலாம் என்பது அவனுடைய சட்ட ஞானம். அதை அவன் எங்கே படித்தான் என்று கனகசிங்கம் கேட்கவில்லை. அலுவல் கெதியாகத்தான் முடிந்தது. பிறகு ஒரு வக்கீலிடம் போனபோது, கோப்பில் இல்லாத மனைவியைக் கூப்பிட வழியே இல்லை, முதலில் போய்ப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டால் கையிலிருக்கிற பேப்பருக்கும் உத்தரவாதமில்லை என்றார். வீட்டுக்கு வந்து, மட்டக்களப்பில் இருந்த மனைவி தவமலருக்கு ‘அலுவல் நடக்குது’ என்று எழுதினான். அதையே இரண்டு வருடம் எழுதினான்.

தவமலர் நம்பினாள். நம்பியதோடு நின்றாளா? ஆறு வயது மகளின் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அவளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துவிட்டாள். விசாவுக்குக் கூப்பிடும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். கிழமைக்கு ஒருமுறை பொலிஸ் வந்து, ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டது. கனடா போகப்போகிறேன் என்று அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கனகசிங்கத்துக்கு இருந்தால் இருப்பில்லை, படுத்தால் நித்திரையில்லை.

அவனுடைய வேலையோ ஓரிடத்தில் அசையாமல் இருந்து செய்கிற வேலை. ஸ்காபரோவில் பாட்டுக் கசெற் பதிக்கிற தொழிற்சாலையில் அவன் பரிசோதகன். ஐம்பது கசெற்றுக்கு ஒன்றை எடுத்து, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொடக்கமும் நடுவும் முடிவும் கேட்க வேண்டும். இரைச்சலோ, குரல் அமுங்குதலோ இருந்தால் குறைச்சீட்டு எழுதி ஒதுக்க வேண்டும். பாட்டுக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறான் என்று ஊரவர்கள் பகிடி பண்ணுவார்கள். ஒரே பாட்டை ஒரு நாளில் நாற்பது தரம் கேட்டுப் பார்த்தால் அந்தப் பகிடி வராது.

அந்த வருடம் முழுக்க லோர்னா பிக்ஸ்பிதான். அமெரிக்காவில் கென்ரக்கி மலைக்காரி. தானே பாடி, தானே வயலினும் வாசிப்பாள். புளூகிராஸ் என்று அந்தச் சங்கீதத்துக்குப் பேர். சாதாரணமாக அதை மலையூர்ச் சனமும் லொறிக்காரரும்தான் கேட்பார்களாம். ஆனால் லோர்னாவின் இந்தக் கசெற்றை நகரத்து இளசுகளுடைய றேடியோவும் போட்டுத் தள்ளியது. இரண்டு பக்கத்துச் சனமும் வாங்கினால் பதித்து மாளுமா? மூன்றாம் தரம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

முதன்முதல் அது வந்தபோது கனகசிங்கம் நானூறு கசெற்றை ஒரேயடியாக ஒதுக்கித் தள்ளினான். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டின் நடுவே லோர்னா சட்டென்று வயலினை நிறுத்தி, ‘இல்லை, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்’ என்று சொல்லி, முதல் வரியிலிருந்து திரும்பப் பாடுகிறாள். போர்மன் வோல்ற்றர் வந்து சிரித்தான். அது அவளே வேண்டுமென்று விட்டது, சனத்துக்கு அந்த இடம்தான் பிடிக்கும் என்றான். தன் பிழையைக் காட்டி விற்கிறவளைக் கனகசிங்கத்துக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் கடிதம் எழுதுவதில்லை, கசெற்றில் பேசி அனுப்புவார்கள். ஒதுக்கிய கசெற்றுகளை வீட்டுக்குக் கொண்டுபோகப் போர்மன் விடுவான். அப்படிக் கொண்டுவந்த ஒரு லோர்னாவின் மேல், புதிதாகப் பதிய விடாத அந்த ஓட்டைகளுக்கு ரேப் ஒட்டி, ஒரு ஞாயிறு பகல் ஜெயரட்ணம் வெளியே போன நேரத்தில், கனகசிங்கம் முதல் பக்கம் முழுக்கப் பேசினான். பேசி முடிக்கும்போது சட்டை நனைந்திருந்தது. ஒருவரும் தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்று ஒட்டிய ரேப்பைக் கவனமாக உரித்தும் விட்டான். அந்தக் கவனம்தான் அவனைக் கவிழ்த்தது.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் தபால் கந்தோருக்குப் போகலாமென்று கசெற்றை வேலைக்குக் கொண்டுபோனான். போனவன் பேசாமல் இருந்திருக்கலாம். குரல் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருதரம் கேட்டுப் பார்ப்போம் என்று மெசினில் போட்டான். தொழில் பழக்கம் விடவில்லை. இரண்டு வசனம் கேட்பதற்குள் வோல்ற்றர் வந்துவிட்டான். பதறிப்போய்க் கசெற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்தான். மேசை முழுக்க லோர்னாக்கள்; ரேப்பை உரித்துவிட்டதால் அவனுடையதும் அவற்றில் ஒன்றுபோலவே கிடந்தது. வோல்ற்றர் போனதும் கைக்கு வந்ததை உறையில் போட்டு, கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிவிட்டான்.

பிறகு அவன் பட்ட பாடு. தவமலர் இப்போது கேட்டிருப்பாள், இப்போது அழுவாள், இப்போது பிள்ளையோடு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பாள் என்று நாளை எண்ணினான். ஜெயரட்ணம் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தான். நாலாம் கிழமை தவமலரின் நீல விமானக் கடிதம் வந்தது. படியிலேயே நின்று கிழித்தான்.

‘பாட்டுக் கசெற் கிடைத்தது. உங்கள் குரல் இருக்குமென்று இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டோம், இல்லை. மகள் அதையே போட்டுப் போட்டு ஆடுகிறாள். ஒரு பாட்டில் அந்தப் பொம்பிளை பிழைவிட்டுத் திரும்பத் தொடங்குகிறா, கவனித்தீர்களா? பாட்டு அனுப்புகிற அளவுக்கு மனம் சந்தோசமாக இருந்தால் விசா கிட்டடியில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் சொல்லுங்கள்.’

கனகசிங்கம் படியில் குந்திவிட்டான். அவளுக்குத் தெரியாது. அவனுடைய பதினெட்டு நிமிடம், லோர்னாவின் படம் போட்ட உறைக்குள், ஏதோ ஒரு கடையில் விற்பனைக்கு இருக்கிறது.

வேறு வழியில்லாமல் ஜெயரட்ணத்திடம் கசெற் மாறிய கதையைச் சொன்னான். உள்ளே என்ன பேசினான் என்று சொல்லவில்லை.

“உமக்கு விசரே?” என்றான் ஜெயரட்ணம். “ஆயிரத்துக்குள்ள ஒண்டைத் தேடுறதோ? இன்னொண்டில பேசி அனுப்புமன்.”

“அண்டைக்குப் பேசினது மாதிரி இனிப் பேச வராது.”

ஜெயரட்ணம் நல்லவன். அவனுடைய ஆலோசனைதான் ஆபத்து. முணுமுணுத்துக்கொண்டே தன் பழைய காரில் பிறம்ரனுக்கு ஏற்றிக்கொண்டு போனான். அங்கேயிருந்த களஞ்சியத்தில், அந்தப் பதிப்பு எப்போதோ கடைகளுக்குப் போய்விட்டது என்றார்கள். இரண்டு சனிக்கிழமை கடை கடையாக ஏறினார்கள். மூடிய உறைக்குள் எதைப் பார்ப்பது? தொகுதி இலக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தான். யங் வீதிக் கடையொன்றில் ஸ்பீக்கரில் லோர்னா பாடிக்கொண்டிருந்தாள். கசெற்றைத் திருப்பிப் போட்டதும் தன் குரல் வந்துவிடுமோ என்று, மறுபக்கம் தொடங்குமட்டும் அசையாமல் நின்றான். கடைக்காரப் பெடிச்சி, இவ்வளவு ரசிக்கிறீர்களே என்று சந்தோசப்பட்டாள்.

ஒரு மாதம் கழித்து அதுவாகவே வந்து சேர்ந்தது. வோல்ற்றர் திரும்பி வந்த ஒரு கசெற்றையும் ஒரு துண்டையும் கொண்டுவந்து அவன் மேசையில் போட்டான். துண்டு ஒரு லொறிச் சாரதி எழுதியது. ‘வடக்கே சட்பரி போய்ச் சேரும்வரை இதைக் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. இந்த ஆளுக்கு ஏதோ பெரிய கஷ்டம். இதை அவரிடம் கொடுத்துவிட்டு எனக்குப் பாட்டை அனுப்பவும்.’

“உன்னுடையதுதானே?” என்றான் வோல்ற்றர்.

“ஓம்.”

“பரிசோதகன் நீ. கேட்டு, என்ன குறையென்று சீட்டு எழுதித் தா.” அவ்வளவுதான். போய்விட்டான்.

கனகசிங்கம் ஹெட்போனை மாட்டினான். ஒன்றரை மாதமாக, வாழ்க்கையில் தான் செய்த ஒரே துணிச்சலான காரியம் தொலைந்துவிட்டது என்று மனம் ஆறாமல் திரிந்தவன் அவன். இப்போது கேட்டான். முதல் ஐந்து நிமிடம் கனடாக் குளிரைப் பற்றிய பேச்சு. பிறகு பத்து நிமிடம் ஜெயரட்ணம்: அவன் சொன்னது, அவனை நம்பியது, அவனால் வந்தது. பிறகு தன்னைக் காரில் ஏற்றித் திரிந்தவனைப் பற்றி அவன் நாவு கூசாமல் அளந்திருந்தான். பதினாறாம் நிமிடத்தில்தான் விசயம் வந்தது, அதுவும் அரை வசனம். ‘பதியேக்க ஆள் தனியெண்டு போட்டபடியா’ என்ற இடத்தில் குரல் அப்படியே அடியில் போய்விட்டது. மூன்று தரம் பின்னுக்கு ஓட்டினால்தான் அவனுக்கே விளங்கியது. மிச்சமெல்லாம் அழுகை.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. வேறொருவனுடைய கசெற்றாக இருந்தால் ஒதுக்கியிருப்பான். இதையா தேடி ஊரெல்லாம் அலைந்தேன், இதைக் கேட்டு அவளுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று நினைக்க ஆத்திரம் வந்தது. குறைச்சீட்டில், ‘முக்கியமான இடத்தில் குரல் இல்லை’ என்று எழுதினான். எழுதிவிட்டு, எழுந்துபோய் அழிக்கிற காந்தத்தில் கசெற்றை வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை லொட்ஜுக்குப் போன் எடுத்தான். அங்கே பின்னேரம். முதலாளி படியேறிப்போய்க் கூப்பிட, தவமலர் ஓடி வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

“விசா வந்திட்டா?”

“இல்ல. கேளு தவம். நான் இஞ்ச வந்து பதியேக்க, கலியாணம் முடிக்கல்ல எண்டு எழுதிட்டன். நான்தான் எழுதினன். உன்னக் கூப்பிட ஒரு அலுவலும் நடக்கல்ல. ரெண்டு வருசமாப் பொய் சொன்னன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தாங்கலாம்.

“அப்ப புள்ள?” என்றாள்.

அவனுக்கு உடனே விளங்கவில்லை.

“என்னை இல்லையெண்டு எழுதினீங்க, சரி. புள்ளையும் இல்லையெண்டா எழுதின?”

இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவன் தன்னிடம் கேட்டதில்லை. மனைவியை மறைத்ததாகத்தான் நினைத்திருந்தான். பிள்ளைகள் என்ற கட்டத்தில் தன் கையால் ஒரு கோடு இழுத்தது இப்போதுதான் கண்ணில் வந்து நின்றது.

“ஓம்” என்றான்.

தவமலர் போனைக் கீழே வைக்கவில்லை. யாரையோ கிட்டக் கூப்பிட்டாள். “சொல்லு மனே. அந்த விசாத் தொரை கேட்டாச் சொல்லுறதுக்குப் படிச்சியே, அதச் சொல்லு.”

பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பது போலச் சத்தமாகச் சொன்னது: “மை நேம் இஸ் கனகசிங்கம் வதனமலர். ஐ ஆம் சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட். மை ஃபாதர்ஸ் நேம் இஸ் கனகசிங்கம். மை ஃபாதர் இஸ் இன் கனடா.”

“கேட்டதா?” என்றாள் தவமலர். குரலில் அழுகை இல்லை. “நாலு மாசமாப் பாடமாக்கினது. இனி நீங்க போய்ச் சொல்லுங்க.” போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை கனகசிங்கம் வேலைக்குப் போகவில்லை. இமிக்கிறேசன் கந்தோரில் இலக்கத் துண்டை வைத்துக்கொண்டு இருந்தான். நாலு தரம் எழுந்து வாசல்வரை போனான், நாலு தரமும் திரும்பி வந்தான். இலக்கம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் என்ன விசயம் என்று கேட்டாள்.

“மை டோட்டர்ஸ் நேம் இஸ் கனகசிங்கம் வதனமலர்” என்றான்.

அவள் அவனுடைய பேரைக் கேட்டு, கோப்பை எடுத்து வந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். அப்படியொருவர் இதில் இல்லையே என்றாள்.

“ஓம்” என்றான் கனகசிங்கம். “நான்தான் இல்லையெண்டு எழுதினன்.”