சுடாத பீரங்கிகள்

யார் படை பெரிது என்று பழவேற்காட்டு மீன் சந்தையில் பேச்சு வந்தால் ஞானதாஸ் விடமாட்டான். டச்சுக்காரரான ஒல்லாந்தர்தான் முதல். இங்கிலீசுக்காரன் ரெண்டாவது. போர்ச்சுக்கீசப் பறங்கியெல்லாம் சேர்த்தியே இல்லை. ஒல்லாந்தர் கோட்டையில் பீரங்கிக்குத் துணையாள் அவன்.

"மதில் மேல எத்தினி பீரங்கி நிக்குதுன்னு ஏரிலேர்ந்து பார்த்தாலே தெரியுமே!" என்பான். கப்பலில் வந்துபோன வியாபாரிகளும் அப்படியே சொன்னார்கள்.

அவன் மனைவி செசிலியாவும் நம்பினாள். அதனால்தான் இங்கிலீசுக்காரன் படை வருகிறது என்றதும் அவள் பயந்தாள். முதலிடத்துக்காரன் லேசில் விடமாட்டான். சண்டை பலமாக நடக்கும். புருஷன் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நிற்பான். அவளுக்கோ நிறைமாதம். மீனவக் குப்பத்துப் படகோட்டி மாரி அவளைப் படகில் ஏற்றிச் சுண்ணாம்புக்குளத்தில் தன் அக்காள் வீட்டில் கொண்டுவிட்டான்.

ஒரு வெடிச்சத்தமும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணா, சத்தமே காணோம்?"

"காத்து அந்தப் பக்கமா அடிக்குதும்மா" என்றான் மாரி. காற்று கோட்டைப் பக்கமிருந்து அவர்கள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் ஏரிச் சேற்றில் கால் புதையப் புதைய ஞானதாஸ் வந்தான். சட்டை இல்லை, துப்பாக்கி இல்லை. செசிலியா ஓடிப்போய் அவன் தோளையும் முதுகையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் கூட இல்லை.

"பெரிய துரை சண்டையே இல்லாம கோட்டைக் கதவைத் தொறக்கச் சொல்லிட்டாரு, செசிலி. பாதி பீரங்கிக்கு அதைத் தாங்குற மரவண்டி உளுத்துப்போச்சு. வெடிமருந்தெல்லாம் ஈரம். ஆளுங்க காய்ச்சல்ல கெடக்குறாங்க. நான் என் பீரங்கிய மட்டும் தொடச்சிகினு இருந்தேன். மத்தது இன்னா ஆச்சுன்னு பார்க்கவேயில்ல."

"அப்போ இங்கிலீசுக்காரன்தான் முதலா?"

"உள்ள வந்து எங்க சட்டை, துப்பாக்கிய வாங்கிகினு அனுப்பினவங்களைப் பார்த்தேனே. பசியில நிக்கவே முடியல அவங்களுக்கு. யாரு முதல்னு எனக்கு இன்னா தெரியும்?"

செசிலியா அவன் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தாள். கஞ்சியும் சுட்ட மடவை மீனும் கொண்டுவந்தாள். அவளே முள் எடுத்து ஊட்டினாள்.

"சந்தையில சிரிப்பாங்க" என்றான்.

"சிரிக்கட்டும். நீ உசுரோட கீற. எனக்கு அது போதும்."

காலையில் மூவரும் ஊருக்குப் புறப்பட்டார்கள். ஞானதாஸ் தானாகவே மாரியிடமிருந்து படகுக் கழியை வாங்கித் தள்ளினான். கழி சேற்றில் மாட்டிக்கொள்ள, படகு நகர்ந்துவிட, அவன் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தான். செசிலியா அவன் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாரி சிரித்தான். பிறகு அவர்களும் சிரித்தார்கள்.