ஆழ்தூக்கம் 94 சதவீதம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. சும்மா கம்ப்யூட்டரை நோண்டினேன். அதன் மூளையான பிராசஸர் எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது என்று அதுவே தரும் அறிக்கை ஒன்று அகப்பட்டது. ‘ஆழ்தூக்கம்: 94 சதவீதம்.’ நான் முட்டி மோதிய காலைப்பொழுது முழுக்க அது குறட்டை விட்டிருக்கிறது. பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் பிறந்தவள்தான் இந்தக் கதையில் வருகிறவள்.

2

ஜன்னல் வழியே இளவெயில் மெல்ல

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

பாடநூல் பக்கங்களை வடிவமைக்கும் அலுவலகம். அவள் அங்கே தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது இன்று சாயங்காலம் தெரிந்துவிடும். முடிவு முதலாளி கையில். அவர் அவளுடைய சொந்தத் தாய்மாமன். அதனாலேயே இரண்டு மடங்கு கறார்.

மாமா அவள் கம்ப்யூட்டரின் அறிக்கையை நீட்டினார்.

“என்னம்மா இது? தொண்ணூத்திநாலு சதவீதம் தூக்கம்னு போட்டிருக்கு. உங்கம்மா முகத்துக்காகத்தான் இத்தன நாள் பொறுத்தேன்.”

“தூங்கினது நான் இல்ல மாமா, பிராசஸர். நான் ஒரு எழுத்து தட்டி அடுத்தத தட்டுறதுக்குள்ள அது ஒரு தூக்கம் போட்டு எழுந்துடும். கரண்ட் மிச்சம், சூடும் ஆகாது. நல்ல மிஷின் அப்படித்தான் இருக்கும்.”

“நான் வாங்கின மிஷின், ஆபீஸ் நேரத்துல தூங்குமா? சாயங்காலம் அது முழிச்சிருக்கணும். இல்லன்னா நீயும் வீட்டுக்குப் போய்த் தூங்கு.”

(இப்படி ஒருவர் இருப்பாரா என்று எனக்கும் சந்தேகம்தான். இரண்டு முறை அழித்துப் பார்த்தேன். இரண்டு முறையும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.)

3

அவள் ஒரு குட்டி நிரல், அதாவது புரோகிராம், எழுதினாள்.* அதன் வேலை ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை ஓயாமல் செய்வது. தூக்கம் பூச்சியமானது. உள்ளே விசிறி அலறியது, பெட்டி தொட்டால் சுட்டது, திறந்திருந்த பாடப் பக்கம் நகரவே மறுத்தது.

மாமா எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இப்பதான் வேலை நடக்குற சத்தம் கேக்குது. எல்லா மிஷினுக்கும் இதயே போட்டுவிடு. உன் ஆர்டர்ல கையெழுத்து போட்டுடறேன்.”

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒழுங்காக வேலை செய்தபோது திட்டு. வெட்டியாக அலறும்போது நிரந்தரம்.

* மொத்தம் இரண்டு வரி. இந்தக் கதையைவிடச் சுருக்கம். பயன் ஏறத்தாழ அதே.

4

மாமா பேனா மூடியைத் திறந்துவிட்டார். அவள் விரல் நிரலை நிறுத்தும் பொத்தான்மேல். அழுத்தினால் வேலை போகும். அழுத்தாவிட்டால் எல்லா மேஜையிலும் இந்த அலறல்தான்.

அந்த விரலை நகர்த்த எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை, நன்றாக யோசியுங்கள். மாமா கண்ணில் மட்டும் பட்டுவிடாதீர்கள்; யோசிக்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குத் தூங்குகிற மாதிரிதான் தெரியும்.