வீட்டுக்காரர் எழுதிய பக்கம்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். லென்ஸ் பொருத்தும் வேலையில் பதினோரு வருட அனுபவம். பிள்ளைகளுக்காக வீட்டோடு இருந்துவிட்டது ஆறு வருடம். அந்த ஆறைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

எதிரே கடை முதலாளியம்மா. பக்கத்தில் அவருடைய தம்பி, கையில் டேப்லெட்டுடன். வேலைக்கு ஆள் எடுப்பதென்றால் முதலில் இணையத்தில் விண்ணப்பித்தவர் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் தொழில் பக்கத்தைத் துருவிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி.

"உங்க பக்கம் பிரமாதங்க," என்றான்.

"என் பக்கமா?"

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. விண்ணப்பத்தை அனுப்பியவர் அவள் கணவர். பஸ் ஓட்டுகிறவர். 'எல்லாம் நான் பாத்துக்கறேன்' என்று அவர் சொன்னபோதே சுதாரித்திருக்க வேண்டும்.

தம்பி உரக்க வாசித்தான். "'பார்வைத் துறையின் தொலைநோக்குத் தலைவர். ஆறாண்டுகளாக நால்வர் குழுவை வழிநடத்துபவர். எந்த நெருக்கடியிலும் குரல் உயர்த்தாதவர்.'"

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. தலையாட்டிச் சமாளித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"மேடம், அதை எழுதினது எங்க வீட்டுக்காரர். சத்தியமா எனக்கு இப்பத்தான் தெரியும். நாலு பேருன்னா அவரு, ரெண்டு பிள்ளைங்க, எங்க மாமியார். குரல் உயர்த்தாதவங்கறது..." ஒரு கணம் யோசித்தாள். "அது சுத்தப் பொய்."

முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தார். தம்பிக்கு முகம் தொங்கிப்போனது.

"லென்ஸ் வேலையாவது நிஜமா?"

"அது நிஜம் மேடம்."

முதலாளியம்மா மேசை இழுப்பறையிலிருந்து வட்ட ஃப்ரேம் போட்ட ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தார். போட்டால் தலை சுற்றுகிறது என்று மூன்று முறை திரும்பி வந்துவிட்டதாம். லென்ஸின் பவர் சரி, ஃப்ரேமும் சரி. என்ன கோளாறு என்றே பிடிபடவில்லையாம்.

அவள் கண்ணாடியோடு இருந்த மருத்துவரின் சீட்டைப் படித்தாள். கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு லென்ஸ் வழியாகவும் கதவின் நிலைச்சட்டத்தைப் பார்த்தாள். ஆறு வருடம் எங்கே போனதோ, விரல்கள் தாமாக வேலையில் இறங்கின.

"இடது லென்ஸ்ல நிலை சாஞ்சு தெரியுது மேடம். இந்தப் பவருக்கு லென்ஸ் நிக்கற கோணமும் முக்கியம், சீட்டுல இருக்கற கோணத்துக்கு நேராத் தெரியணும். வட்ட ஃப்ரேம் இல்லையா, திருகு தளர்ந்ததும் லென்ஸ் உள்ளயே சுத்திடுச்சு."

சின்ன திருப்புளியை வாங்கித் திருகைத் தளர்த்தி, லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மறுபடி முடுக்கினாள். முதலாளியம்மா வாங்கிக் கதவைப் பார்த்தார். நிலை நட்டுவைத்தாற்போல் நேராக நின்றது.

"திங்கக்கிழமை வந்துடுங்கம்மா."

"அப்ப இந்தப் பக்கத்தையெல்லாம் பாக்கவே வேணாங்கறியாக்கா?" என்றான் தம்பி.

"பாருடா. நீ பாக்கலைன்னா இவங்களக் கூப்பிட்டிருக்கவே மாட்டோம். ஆனா ஆளு வந்தப்புறம் ஆளப் பாரு."

வெளியே, எதிர்வரிசை மரத்தடியில், சீருடையைக்கூட மாற்றாமல் கணவர் நின்றிருந்தார். அவள் வேகமாக நடந்து வருவதைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னங்க, என்னத்தங்க எழுதி வச்சிருக்கீங்க?" தெருவே திரும்பிப் பார்த்தது.

"வேலை கிடைச்சுதா இல்லையா, அதச் சொல்லு."

கோபமாகத்தான் இருக்க நினைத்தாள். உதடு காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் நடுத்தெருவில் தொப்பியைக் கழற்றி உயர வீசினார். பிடிக்கத் தவறினார்.