களிம்புக் கல்

"நீங்கதானே மதினி கொண்டுபோய்க் குடுத்தீங்க? யாரைக் கேட்டுக் குடுத்…"

"யாரைக் கேக்கணும்? என் புருசன் எடுத்தாந்த கல்லு, என் வீட்டுல கெடந்த கல்லு…"

"கல்லைச் சொல்லல. அதைக் கொண்டுபோயி ஆபீசர் மேசையில…"

"வைப்பேன். வீட்டுல இன்னும் கெடக்கு, அதையும் வைப்பேன். ஒம்பது நாளு தேடிட்டுக் கயித்தைச் சுருட்டிக்கிட்டுப் போனாங்களே, அன்னைக்குப் போட்டிருக்கணும் நீ இந்தச் சத்தத்தை!"

குவாரியின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுதான் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கதவு இன்னும் பூட்டப்படவில்லை. பள்ளத்துக்குள் இறங்கியிருந்த கனிம ஆபீசர் மேலே ஏறி வந்ததும் பூட்டி அரக்கு வைப்பதற்காக, ஒரு போலீஸ்காரர் மெழுகுவத்தியும் தீப்பெட்டியுமாகக் காத்திருந்தார்.

இருபத்தேழு நாளைக்கு முன்னால் இங்கே வடக்குப் பாறை சரிந்து விழுந்தது. பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்த ஸ்தனிஸ்லாஸ் அடியில் அகப்பட்டுக்கொண்டார். மேலே இன்னொரு பாறை தொங்குகிறது, தேடப் போகிறவனும் போய்விடுவான் என்று ஒன்பதாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அமலராணி அவர் மனைவி. பெலிக்ஸ் அவருடைய தம்பி. அதே குவாரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். பாறை விழுந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தான்.

"நான் சத்தம் போடலையா?" பெலிக்ஸின் குரல் இறங்கியது. "அன்னையிலேர்ந்து ஓனர் வீட்டு வாசல்லயேதான் கெடந்தேன் மதினி. வியாழக்கெழமை ரெண்டு பொக்லைன் வர இருந்துச்சு. தொங்குற பாறையை முதல்ல தட்டி எறக்கிட்டு, பெறகு அடியில எடுக்கலாம்னு பேசி முடிச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில ஓனர் போனைப் போட்டு வண்டி வேணாம்னுட்டாரு. சீல் வச்ச எடத்துல ஒரு கல்லை நகட்டுனாலும் கேசாம்."

அமலராணி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வியாழக்கெழமை?"

"நாளன்னைக்கு."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? மூணாம் நாளு, சாயங்காலம் எடுத்துருவோம்னு எவனோ சொன்னதை நம்பி, கல்லறையில குழி வெட்டி, பெட்டி வாங்கி, சாமியாருக்குச் சொல்லிவிட்டு, நீங்க விடிய விடிய வாசல்ல ஒக்காந்திருந்தீங்க. இன்னொருக்கா அந்தக் கோலத்துல ஒங்களைப் பாக்க எனக்கு ஏலாது. வண்டி வந்து நிக்கட்டும், பெறகு சொல்லுவோம்னு இருந்தேன்."

"சொல்லியிருந்தா நான் ஏன் போறேன்?"

"நீங்க சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

இரண்டு பேருக்கும் அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை. வாட்ச்மேன் பெருமாள்சாமி பிளாஸ்டிக் நாற்காலியை அமலராணி பக்கம் தள்ளினார்.

"செத்த ஒக்காரு தாயி. பாத்தியா, செம்புன்னதும் நாலு ஜீப்பு வந்து நிக்கிது. ஆளு விழுந்த அன்னைக்கு ஒண்ணரைதான் வந்துச்சு."

"அதென்ன பெரியவரே அரை?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"ஒண்ணு பாதி வழியில பஞ்சராயிருச்சுல்ல."

போலீஸ்காரர் சிரித்தார். அமலராணி நிற்பதைப் பார்த்ததும் மெழுகுவத்தியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார்.

"அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றாள் அவள். "மனுசனுக்குத் தோண்டல. செம்புக்காவது தோண்டுவாங்கன்னு."

ஆடி மாதத்திலிருந்தே ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கற்களைச் சோத்து டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். கருங்கல்லில் பச்சை ஓடிய சில்லுகள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை கட்டினால் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. "என்ன, பாசி பிடிச்ச கல்லைத் தூக்கிட்டு வாரீக" என்று இவள் திட்டியிருக்கிறாள். ஈரத் துணியால் துடைத்தும் பச்சை போகவில்லை. செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்காமல் விட்டால் ஏறுகிற களிம்பு அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேடுவதை நிறுத்திய பிறகு ஒருநாள் அதே கற்களைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மனு நாளில் வரிசையில் நின்று, மூன்று கற்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய் வைத்தாள். மனுவில் புருஷன் பேரை எழுதவில்லை. "வடக்குப் பாறைக்கு அடியில் செம்பு உள்ளது" என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

விக்னேஷ்குமார் என்ற அந்த ஆபீசர் மேலே ஏறி வந்தார். முப்பது வயதிருக்கும். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் துணிப் பைகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி நூலால் கட்டியிருந்தது.

"சார், செம்புதானே?" அமலராணி முன்னால் போய் நின்றாள்.

"செம்புதாம்மா. மாலகைட்னு சொல்லுவோம்."

"அப்ப தோண்டுவீங்கல்ல?"

அவர் பெலிக்ஸைப் பார்த்தார். பெலிக்ஸ் தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா. பாறை வெடிப்புல ஒரு விரல்கடை ஓடியிருக்கு, அம்புட்டுதான். தண்ணி எறங்கி எறங்கிப் பிடிச்ச கறை மாதிரி. தோண்டி எடுக்குற அளவெல்லாம் கெடையாது."

"அப்பப் பூட்டாதீங்க."

"பூட்டணும்மா. இவங்க லைசென்சு ஜல்லிக் கல்லுக்கு மட்டுந்தான். வேற கனிமம் இருக்குன்னு எழுத்துல மனு வந்தா, ரிப்போர்ட் வார வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது."

"இல்லைன்னு நீங்களே சொல்றீங்களே சார்?" பெலிக்ஸ் கேட்டான்.

"இல்லைன்னு எழுதிக் குடுக்கவும் சோதிச்சுப் பாக்கணும்ல தம்பி. சாம்பிள் சென்னைக்குப் போவும்."

"எம்புட்டு நாளாகும்?"

"ஆறு மாசம். கூடவும் ஆகலாம்."

"நான் மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றாள் அமலராணி. "பொய் சொல்லிட்டேன்னு எழுதித் தாரேன் சார். என்னை உள்ள வேணாலும் போடுங்க."

"நம்பர் போட்ட மனுவைத் திருப்பித் தர முடியாதும்மா. கல்லும் பொய் இல்லையே."

"மோட்டாரையாவது ஓட விடுங்க சார்" என்றான் பெலிக்ஸ். "ஐப்பசி மழை பிடிச்சாச்சு. ரெண்டு நாளு எறைக்கலைன்னா பள்ளம் ரொம்பிரும்."

"அதுக்கும் சேத்துத்தான் சீல். நான் கோட்டாட்சியர்கிட்டப் பேசிப் பாக்குறேன்." அதைச் சொல்லும்போது அவர் துணிப் பையின் நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார். "இன்னைக்கே மூணடி தண்ணி கெடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

போலீஸ்காரர் கதவைச் சாத்திப் பூட்டினார். காற்றில் மெழுகுவத்தி இரண்டு தடவை அணைந்தது. பெருமாள்சாமி வேட்டியை விரித்து மறைவு கட்டி நின்றார். அரக்கு பூட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"கல்லறையைப் பாத்துக்கிற கோயில்பிள்ளை கேட்டாரு மதினி" என்றான் பெலிக்ஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். "கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வருவாங்க, புள்ளைக ஓடி விளையாடும். அந்தக் குழியை மூடிரலாமான்னு."

அவள் ஜீப்பில் ஏறப்போன விக்னேஷ்குமாரின் பின்னால் போனாள்.

"சார், நீங்க எந்தப் பக்கமா எறங்குனீங்க?"

"தெக்குப் பக்கமாத்தாம்மா. பத்து நிமிசந்தான் இருந்தோம்."

"வடக்கே போகலையா?"

"பாறை தொங்குதுன்னு கிட்டப் போக விடலை. ஒரு இருபதடி தள்ளி நின்னுதான் பாத்து, சிதறிக் கெடந்த கல்லைப் பொறுக்குனேன்."

"இருபதடி போதும் சார்." அவள் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எந்த மூலையில வாடை அடிச்சுச்சு, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."