அடுப்பை அணைத்த கை

என் கணவர் பதினோரு புத்தகங்களாக ஒருவனை வைத்துக் கூலிக்குக் கொலை செய்துகொண்டிருக்கிறார். அவன் பெயர் சாது. வாசகர்களுக்கு அவன் மேல் உயிர். அவன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டைகள் வருகின்றன. எனக்கு ஒன்றும் வருவதில்லை.

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது. திருத்திக் கொடுக்க வேண்டிய புரூஃப் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சாயங்காலம் பதிப்பகத்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். நான் அதைத் தாண்டித் தாண்டிப் போய், துடைத்த அடுப்பு மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பக்கம் என்னுடையது.

என் அப்பா ஒரு வழக்கில் சாட்சி சொல்ல இருந்தவர். காசு கொடுத்து ஆள் வைத்து, வீட்டு முன்னறையிலேயே அவரைக் குத்திக் கொன்றார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து பின்வாசல் வழியாக வந்தேன். அடுப்பின் மேல் இருந்த பாலைக் குடித்துவிட்டுத்தான் முன்னறைக்குப் போனேன். பால் இளஞ்சூடாக இருந்தது. அடுப்பு எரியவில்லை. "போகும்போது அடுப்பை அணைச்சிட்டுப் போயிருக்கான் பாரு" என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார். பிடிபட்டவனிடம் கத்தியைப் பற்றித்தான் கேட்டார்கள். அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பாவோடு கடைசியாக இருந்தவன் முழு மிருகமில்லை, பால் பொங்கி வழியக் கூடாதென்று பார்த்தவன். அப்படி நினைப்பது எனக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் அவன் கை பட்ட பால் என்ற நினைப்பில், அதற்குப் பிறகு பால் என் தொண்டையில் இறங்கியதே இல்லை. கல்யாணமான புதிதில் இவரிடம் சொன்னேன். எழுதட்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். சாது பிறந்தான்.

புரூஃப் மேசையில் கிடந்த அன்று மத்தியானம், கையெழுத்து வாங்க ஒரு வாசகி வந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள். மணி அடித்தபோது நான் டீக்குப் பால் வைத்திருந்தேன். போய்க் கதவைத் திறந்து உட்காரவைத்தேன்.

"எனக்குக் கொலைன்னாலே ஆகாது அக்கா. ஆனா சாதுவை மட்டும் விட முடியல. அந்த அடுப்பை அணைக்கிற இடம் இருக்கே! எங்க வீட்டுக்காரர்கூட அணைக்க மாட்டார்."

என் கணவர் பூரித்துப்போனார்.

"அதுல செத்தவரை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"செத்தது யாரு?" என்றாள். கேலியாக இல்லை, நிஜமாகவே யோசித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் பால் நினைவு வந்து உள்ளே ஓடினேன். பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்க வேண்டும். வழியவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. அணைத்தது எனக்கு நினைவே இல்லை. மணி அடித்ததும் கை தானாகத் திருகியிருக்கிறது.

இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். போன் அடித்தால்கூட அடுப்பை அணைக்காமல் அவர் நகர மாட்டார். "பொங்கினா யாரு துடைக்கிறது, உங்க தாத்தாவா?" என்பார்.

அப்பா செத்த அன்றைக்கும் யாரோ மணி அடித்துத்தான் இருப்பார்கள்.

மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா கடைசியாகச் செய்த ஒரு காரியத்தைப் பிடுங்கி, அவரைக் கொன்றவன் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

வாசகி கிளம்பியதும் புரூஃபை இவர் முன்னால் தள்ளினேன்.

"ஏங்க, இந்த வரியை எடுங்க. அடுப்பை அணைச்சது எங்கப்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டி எடுத்தார்.

"எடுத்துட்டா சாதுகிட்ட என்னம்மா மிஞ்சும்? வெறும் கொலைகாரன் ஆயிடுவான்."

"ஆகட்டுமே."

"பதினோரு புத்தகமும் அந்த ஒரு வரியிலதான் நிக்குது. நம்ம சோறும் அதுலதான்."

"தெரியும். அதுல எங்கப்பா நிக்கணும்."

எழுந்து ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். புரூஃபை எடுப்பார், வைப்பார். நானும் உட்காரவில்லை. கீழே பதிப்பகத்து ஆளின் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் சட்டென்று உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

"எங்க சேர்க்கறது?"

"மணி அடிச்ச உடனே."

எழுதினார். 'அவர் அடுப்பை அணைத்தார். "இதோ வர்றேன்" என்று குரல் கொடுத்தபடி கதவுப் பக்கம் போனார்.' பதினோரு புத்தகங்களில் சாகப்போகிற ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மணி அடித்தது. புரூஃபை எடுத்துக்கொண்டு அவரே போய்த் திறந்தார்.

நான் சமையலறைக்குப் போனேன். பால் ஏடு படிந்து ஆறியிருந்தது. அன்று நான் குடித்தது, பள்ளிக்கூடத்திலிருந்து வரப்போகும் எனக்காக அப்பா காய்ச்சிய பால். அணைத்து வைத்ததும் அவர்தான். பாத்திரத்தோடு தூக்கி, அழுதுகொண்டே முழுவதையும் குடித்தேன்.